வயிற்றில் கோடில்லாத வட்டம்

எங்கள் கிர்கிஸ் நாட்டு அரசுக் கணினிகளில் ஒரு புதிய நிரலை நிறுவுவது மிகவும் எளிது. கறுப்புத் திரையைத் திறக்க வேண்டும். நிறுவு என்று பொருள்படும் ஒரு சொல்லை அடித்து, பக்கத்தில் நிரலின் பெயரை அடித்து, ஒரு தட்டு தட்ட வேண்டும். உலகம் முழுக்க ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே செய்கிற வேலை. அந்த ஒரு வரியை அடிக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வதற்காக தலைநகர் பிஷ்கெக்கில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றும், அதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களும், வாசலில் ஒரு நீரூற்றும் இருக்கின்றன. நீரூற்றில் தண்ணீர் வருவதில்லை.

கட்டடத்தின் பெயர் தேசியப் பொதிக் களஞ்சியம். பொதி என்றால் ஒரு நிரலையும் அது ஓடுவதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் சேர்த்துக் கட்டிய மூட்டை. சுமக்கிற கழுதை யார் என்பது போகப் போகத் தெரியும். பென்குவின் படம் போட்ட அந்த யூனிக்ஸ் வகை இயங்குதளம் இலவசமாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும் நம் பெரியவர்கள் மகிழ்ந்துபோய் எல்லா அலுவலகங்களிலும் அதைப் போட்டார்கள். பிறகு, இலவசமாகக் கிடைப்பதை ஜனங்கள் சுலபமாகவும் எடுத்துக்கொண்டால் அரசாங்கம் எதற்கு என்று கவலைப்பட்டார்கள். ஆகவே அரசுக் கணினி எதுவாக இருந்தாலும், இந்தக் களஞ்சியத்திலிருந்து மட்டுமே பொதி எடுக்கலாம் என்று ஆணை வந்தது. சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தோம்.

ஷார்ஷென் அங்கே வந்தது ஒரு திங்கட்கிழமை. ஐம்பத்துநாலு வயது, வெயிலும் பனியும் மாறி மாறி அறைந்த முகம். மலையில் பனிப்பாறை உருகித் தேங்கிய ஒரு ஏரிக்கு அவர் காவலர். ஏரியைத் தடுத்து நிற்பது பனிக்கட்டியும் சரளையும் கலந்த ஒரு கரை. கோடையில் அந்தக் கரை பொறுமை இழப்பதுண்டு. ஏரிக்கு நேர் கீழே அக்-தெரெக் கிராமம், நூற்று அறுபது வீடுகள். அதில் ஒன்று அவருடையது.

போன வருஷம் நீர்மட்டம் காட்டுகிற புதுக் கருவி ஒன்று வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்தது. அதை ஏரியில் இறக்கியாகிவிட்டது. அது அனுப்புகிற எண்களைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன நிரல் வேண்டும். நரின் நகரில் ஒரு இளைஞன் அதை எழுதிக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டு, மாஸ்கோவுக்கு டாக்சி ஓட்டப் போய்விட்டான். நிரல் களஞ்சியத்தில் இருக்கிறது; கணினி மலையில் இருக்கிறது; நடுவில் ஒரே ஒரு அனுமதி. அதை வாங்கத்தான் ஷார்ஷென் வந்தார். பேரிடர் அலுவலகத்துக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: கணினி தருகிற எண் இல்லாமல் ஊரைக் காலி செய்யும் உத்தரவு கிடையாது, உத்தரவு இல்லாமல் லாரி கிடையாது. முன்னொரு வருஷம் யாரோ வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி லாரி அனுப்பி, வெள்ளம் வராமல் போனதில் ஒரு அதிகாரிக்கு வேலை போயிருந்தது. வெள்ளம் வந்து ஆள் செத்ததற்கு இதுவரை யாருக்கும் வேலை போனதில்லை.

வாசலில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் சீட்டைக் கொடுத்தார்கள். அதைத் தொட்டால் சுழல்கதவு திறந்தது.

“வெளிய போறப்பவும் இதையே தொட்டாப் போதுமா தம்பி?” என்று கேட்டார் ஷார்ஷென்.

“கோரிக்கை முடிஞ்சா திறக்கும்ணே,” என்றான் காவலாளி. “பாதியில விட்டுட்டுப் போறவங்களால ஃபைலெல்லாம் அனாதையாப் போகுது. அதான் இந்த ஏற்பாடு.”

“முடியலைன்னா?”

“மூணாவது மாடியில கட்டில் போட்டிருக்கு. போர்வை மட்டும் நீங்க கொண்டு வரணும்.”

ஷார்ஷென் சிரித்தார். காவலாளி சிரிக்கவில்லை.

முதல் சாளரம் தேடல் பிரிவு. அங்கே நூரிலா என்ற இளம்பெண் இருந்தாள். கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள். அந்தக் கட்டடத்தில் அவளுக்கிருந்த ஒரே குறை, அவள் விசைப்பலகையில் ஒரு எழுத்து இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் மொழியில் ஏரிக்கு ‘கியோல்’ என்று பெயர். கைக்கு ‘கோல்’. எழுதும்போது இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கோடு. வட்டம் போட்டு அதன் வயிற்றில் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் ஏரி. கோடு இல்லாவிட்டால் கை. ரஷ்ய விசைப்பலகையில் கோடு போட்ட வட்டம் கிடையாது. ஆகவே நாங்கள் எல்லோருமே வெறும் வட்டத்தை அடித்துவிட்டு, படிக்கிறவன் புரிந்துகொள்வான் என்று விட்டுவிடுவோம். படிக்கிறவனும் புரிந்துகொள்வான், அவன் மனிதனாக இருக்கிற வரையில்.

ஷார்ஷெனுக்கு வேண்டிய நிரலின் பெயர் கியோல்-ஒகூர். ஏரியைப் படிப்பது என்று பொருள். நூரிலா அடித்தாள். திரையில் வந்தது கோல்-ஒகூர்.

“கை படிக்கிறதா?” என்று நிமிர்ந்து பார்த்தாள். “கைரேகை பாக்கிறவராண்ணே நீங்க?”

“இல்லம்மா, ஏரி. ஏரியில தண்ணி எவ்வளவுன்னு பாக்கிறது.”

“எனக்குப் புரியுதுண்ணே. ஆனா மெஷின் கைன்னுதான் பதிஞ்சிருக்கு. பாருங்க, வகை: ஜோதிடமும் பொழுதுபோக்கும்.”

“அந்தக் கோட்டை நீயே போட்டுடேன்.”

“கோடு போட கிர்கிஸ் விசைப்பலகைப் பொதி வேணும். அதுக்கு நாங்க விண்ணப்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு.”

“ஏன் கிடைக்கல?”

“விண்ணப்பத்தை ஆட்சிமொழியில பிழையில்லாம அடிச்சுத் தரணுமாம். அடிக்கிறதுக்கு அந்த விசைப்பலகை வேணும்.”

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கேலி இல்லை, கோபம் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். ஷார்ஷென் பேனாவை எடுத்து, அச்சடித்துத் தந்த தாளில் தானே அந்தக் கோட்டைப் போட்டார். நூரிலா பதறிப் போனாள். அரசு ஆவணத்தில் கிறுக்கியதற்கு அவர் ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அதற்குள் மதியம் ஆகிவிட்டது.

அப்போது கைப்பேசி அடித்தது. அவர் மனைவி ஜிபாரா.

“கிழவா, தண்ணி ரெண்டாவது கல்லைத் தொட்டிருச்சு.”

கருவி வருவதற்கு முன்பு ஏரிக்கரையில் ஷார்ஷென் வெள்ளையடித்து வைத்திருந்த கற்கள் நாலு. அவர் இல்லாத நாட்களில் ஜிபாரா குதிரையில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, அலைவரிசை கிடைக்கிற மேட்டில் நின்று பேசுவாள். நாலாவது கல் முழுகினால் கரை நிற்காது. இருபது வருஷக் கணக்கு அது.

“இன்னும் மேல நாலாவது மாடிக்குப் போகணும்,” என்றார் ஷார்ஷென்.

“நான் கல்லைச் சொல்றேன், நீ மாடியைச் சொல்ற,” என்று ஜிபாரா வைத்துவிட்டாள்.

நாலாவது மாடியில் இருந்தது சார்புப் பிரிவு. எந்தப் பொதியும் தனியாக வராது. ஒன்று ஓட இன்னொன்று வேண்டும், அது ஓட மற்றொன்று. அதைப் பட்டியல் போடுகிற இடம். கணினி அந்தப் பட்டியலை அரை நொடியில் போட்டுவிடும் என்பதால், அதைச் சரிபார்க்க நாற்பது பேரை வைத்திருந்தார்கள். பிரிவின் தலைவர் தாலாய்பெக் எதிரே தேநீர்க் கோப்பையும், போர்சோக் என்கிற பொரித்த மாவுத் துண்டுகள் நிறைந்த தட்டும் இருந்தன. ஷார்ஷெனையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மனிதர் நல்லவர்தான்.

“உக்காருங்க அண்ணே. உங்க கைரேகைக்கு எண் நூலகம் வேணும். எண் நூலகத்துக்குக் கடிகாரப் பொதி வேணும். கடிகாரத்துக்கு நேர மண்டலம் வேணும். நேர மண்டலத்துக்கு எண் நூலகம் வேணும்.”

“மறுபடியும் அதுவேவா?”

“அதுவேதான். ஒண்ணை ஒண்ணு சுத்தி வருது பாருங்க, என்ன அழகு!” தாலாய்பெக் நாற்காலியில் சாய்ந்தார். “ஜனங்க சார்புன்னா ஏதோ கெட்டதுன்னு நினைக்கிறாங்க. சார்பு இல்லாம உலகத்துல என்ன இருக்கு சொல்லுங்க? நான் இந்த நாற்காலிக்கு என் மச்சானைச் சார்ந்து வந்தேன். மச்சான் துணை அமைச்சரைச் சார்ந்து வந்தான். துணை அமைச்சரோட பொண்ணை என் தம்பிக்குக் கட்டிக்கொடுத்திருக்கு. இதுல எதை எடுத்தாலும் எது விழும்னு எனக்கே தெரியாது. எதையும் எடுக்காம இருக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.”

“அய்யா, ஏரி உடைஞ்சிரும். நூத்து அறுபது வீடு. எனக்கு அவசரம்.”

“மட்டம் எவ்வளவு?”

“ரெண்டாவது கல்லுக்கு மேல.”

“கல்லு ஒரு அளவா அண்ணே? மீட்டர்ல சொல்லுங்க, நானே மேல பேசுறேன்.”

“மீட்டர்ல சொல்றதுக்குத்தான் அந்த நிரலைக் கேக்கிறேன்!”

“அப்ப அதை முதல்ல இன்ஸ்டால் பண்ணிக்குங்க,” என்றார் தாலாய்பெக், உண்மையான அக்கறையோடு.

சாயங்காலம் ஷார்ஷென் சுழல்கதவில் சீட்டை வைத்துப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு தடவை வைத்தார். காவலாளி மூன்றாவது மாடிப் பக்கம் கையைக் காட்டினான்.

மூன்றாவது மாடியில் இருபது கட்டில்கள். ஜன்னல் விளிம்பில் தக்காளிச் செடிகள். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் உசென், பாட்கெனிலிருந்து வந்த பள்ளி ஆசிரியர். அச்சுப்பொறிக்கு ஒரு பொதி கேட்டு வந்தவர்.

“எப்ப வந்தீங்க?” என்றார் ஷார்ஷென்.

“எங்க ஊர்ல சர்க்கரைப் பாதாமிப் பழம் காய்ச்சப்போ.”

“இன்னும் காய்க்கலையே இந்த வருஷம்.”

“நான் இந்த வருஷம்னு சொல்லலையே அண்ணே.” உசென் ஒரு தக்காளியைப் பறித்துக் கொடுத்தார். “ஆரம்பத்துல எனக்கும் கோவம் வந்துச்சு. இப்ப பரவாயில்ல. சாப்பாடு போடுறாங்க. இப்ப நான் மத்தவங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். போன மாசம் என்னைச் சிறந்த விண்ணப்பதாரர்னு பாராட்டினாங்க. பட்டயம் அச்சடிக்கத்தான் அச்சுப்பொறி வேலை செய்யல.”

ஷார்ஷென் கட்டிலில் உட்கார்ந்தார். முதல் தடவையாக அவருக்குப் பயம் ஏரி மேல் வரவில்லை. இந்தக் கட்டடத்தின் மேல்தான் வந்தது. மலையில் கரை உடையும் என்றால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நம்பிக்கைப் பிரிவு. பொதி எழுதியவனே வந்து கையொப்பம் இட்டால்தான் அது நம்பிக்கையானது என்றார்கள். மாஸ்கோவில் டாக்சி ஓட்டுகிறவனைக் கைப்பேசியில் பிடித்தார் ஷார்ஷென். “அண்ணே, நான் அப்பவே ரகசியச் சாவி வச்சுக் கணினியிலேயே கையொப்பம் போட்டிருக்கேனே!” என்று அவன் கத்தினான். அதிகாரி அம்மாள் அதை ஏற்கவில்லை. கையொப்பம் என்றால் கை இருக்க வேண்டும், இதில் கை எங்கே என்று கேட்டாள். அதே அம்மாள் கோப்பைப் புரட்டிவிட்டு, கை சம்பந்தப்பட்ட பொதி என்பதால் மருத்துவர் சான்றும் சமய ஆலோசகர் கருத்தும் தேவை என்று எழுதினாள். மருத்துவர் ஷார்ஷெனின் விரல்களை எண்ணிப் பத்து என்று சான்று கொடுத்தார். சமய ஆலோசகர், கைரேகை பார்ப்பது பாவம், ஆனால் அரசு உத்தரவோடு பார்த்தால் பாவம் உத்தரவு போட்டவரைச் சேரும் என்று கருத்துச் சொன்னார். உத்தரவு போட்டவர் யார் என்பதற்குக் கோப்பில் ஒரு கட்டம் இருந்தது. களஞ்சியம் திறந்த நாளிலிருந்து அதை யாரும் நிரப்பியதில்லை.

மதியம் ஜிபாரா பேசினாள். மூன்றாவது கல்.

“எல்லாரையும் கிளம்பச் சொல்லு,” என்றார் ஷார்ஷென்.

“சொல்லாம இருப்பேனா? குட்டி போட்ட ஆடு, படுத்த கிழவிங்க, இதையெல்லாம் லாரி இல்லாம எங்க கொண்டு போறது? பேரிடர் ஆபீசுக்குப் போன் பண்ணா, உங்க வீட்டுக்காரர் எண்ணோட வரட்டும்கிறான். நீ எண்ணோட வர்றியா, இல்ல நான் உன்னை மறந்துட்டு ஆட்டை ஓட்டவா?”

அவர் கைப்பேசியைப் பையில் போட்டார். தாழ்வாரத்தில் நின்று அழுதார். போகிற வருகிற ஊழியர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தாழ்வாரத்தில் அழுவது வழக்கம்தான் போலிருக்கிறது. சுவரில் கைக்குட்டை மாட்டுகிற ஆணி இருந்தது.

புதன்கிழமை காலையில் அதிசயம் நடந்தது. கோப்பு மேலே போய்விட்டது. உசென்தான் விண்ணப்பத்தை மாற்றி எழுதிக் கொடுத்தார். “ஏரின்னு ஒரு வார்த்தை இருக்கக் கூடாது அண்ணே. மெஷின் கைன்னா நாமளும் கை. ஒத்துப் போனா ஓடும்.” கடைசிப் படி, களஞ்சியத் தலைவர் முன்னிலையில் பொதியைச் சோதித்துக் காட்டுவது.

தலைவர் எசென்குல் மாமிரோவிச்சின் அறை கால்பந்து ஆடலாம் போல இருந்தது. மேசையில் கணினி இல்லை. அது அடுத்த அறையில் உதவியாளரிடம் இருந்தது.

“நான் இந்தக் களஞ்சியத்தைப் பதினோரு வருஷமாக் கட்டிக் காக்கிறேன்,” என்று ஆரம்பித்தார் தலைவர். “எங்க காவலுக்கு மீறி ஒரு கெட்ட நிரல் இந்த நாட்டுக்குள்ள வந்ததில்ல. நல்லதும் வந்ததில்லன்னு பொறாமைக்காரங்க சொல்லுவாங்க. நல்லது எது கெட்டது எதுன்னு பிரிச்சுப் பாக்கிறதுதான் ஆபத்து. அதனால நாங்க பிரிக்கிறதில்ல. சரி, கோப்புல என்ன இருக்கு? கோல்-ஒகூர். கை படிக்கிற பொதி.” வலது கையை மேசை மேல் நீட்டினார். “படிங்க.”

“அய்யா, இது ஏரி... ஒரு கோடு விட்டுப் போச்சு.”

“கோப்புல கைன்னு இருக்கு. நீங்க படிக்கலைன்னா பொதி வேலை செய்யலைன்னு எழுதி மூடிடுவேன்.”

அப்போது ஷார்ஷெனின் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ஜிபாரா அனுப்பியிருந்தது இரண்டே சொல். ‘நாலாவது கல்.’

ஷார்ஷென் எழுந்து போய்த் தலைவரின் கையைப் பிடித்தார். வாழ்நாளில் வேலை செய்யாத, பஞ்சு போன்ற கை. இருபது வருஷம் தண்ணீரைப் பார்த்த கண்ணால் அதைப் பார்த்தார்.

“தண்ணி தெரியுதுங்க,” என்றார்.

“என்ன தண்ணி?”

“மேலேருந்து வருது. நிறைய. கல்லையும் பனிக்கட்டியையும் உருட்டிக்கிட்டு வருது. ஆத்தங்கரையில ஒரு வீடு தெரியுது. ரெண்டு மாடி. நீலக் கூரை. வெந்நீர்க் குளியல் அறை தனியா இருக்கு.”

தலைவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அக்-தெரெக்குக்குக் கீழே ஆற்றங்கரையில் அவர் ஒரு ஓய்வில்லம் கட்டியிருந்தார். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார். சிமென்ட் லாரிகள் எல்லாம் ஷார்ஷென் வீட்டு வாசல் வழியாகத்தான் போயின; வழி கேட்ட ஓட்டுநர்கள் யார் வீடு, யார் பேரில் ரசீது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

“அந்த வீடு உங்க பேர்ல இல்ல,” என்றார் ஷார்ஷென், கையைக் கண்ணருகே கொண்டு போய். “வயசான ஒரு பொம்பளை பேர்ல இருக்கு. உங்க அம்மா இல்ல... மாமியார்.”

எசென்குல் மாமிரோவிச்சின் முகம் வெளுத்தது. “எப்ப?” என்றார். “எப்ப வருது தண்ணி?”

“நாளைக்கு மத்தியானத்துக்குள்ள. மேல இருக்கிற ஊர்லேருந்து ஆள் எல்லாத்தையும் எடுத்தாத்தான் ரோடு காலியாகும். அப்பத்தான் உங்க சாமானை எடுக்க வண்டி வரும்.”

பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. எண் கேட்ட பேரிடர் அலுவலகத்திடம் தலைவர் எண் எதுவும் சொல்லவில்லை. தன் பெயரைச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் இருபத்தெட்டு லாரிகள் கிளம்பின. அக்-தெரெக்கின் கிழவிகளும் குழந்தைகளும் குட்டி போட்ட ஆடுகளும் மேட்டு நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முதல் லாரி மட்டும் ஊரில் நிற்காமல் கீழே போய் நீலக் கூரை வீட்டின் சோபாக்களை ஏற்றிக்கொண்டது.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்குக் கரை உடைந்தது. பாலம் போனது, ஒன்பது தொழுவங்கள் போயின, நீலக் கூரை கொஞ்ச தூரம் மிதந்துவிட்டு மூழ்கியது. ஒரு உயிர் போகவில்லை.

ஜிபாரா மேட்டிலிருந்து பேசினாள். “கிழவா,” என்றாள், “எல்லாரும் இருக்காங்க. நாலு கல்லும் போச்சு. புதுக் கல்லு வச்சு வெள்ளையடிக்கணும். வந்து சேரு.”

ஷார்ஷென் முகத்தைக் கழுவிக்கொண்டு, உசெனைக் கட்டிப் பிடித்து விடைபெற்று, கீழே வந்து சுழல்கதவில் சீட்டை வைத்தார். சிவப்பு.

“கோரிக்கை முடிஞ்சிருச்சே தம்பி!”

காவலாளி பதிவைப் பார்த்தான். “முடிஞ்சிருச்சுதான். விண்ணப்பதாரர் சீட்டு ரத்தாயிருச்சு. ஆனா உங்களை வேற இடத்துல பதிஞ்சிருக்காங்க அண்ணே. ‘கோல்-ஒகூர், சோதனையில் வெற்றி, நிறுவப்பட்டது. இடம்: அறை எண் பன்னிரண்டு.’ பொதிக்கெல்லாம் வெளிய போற சீட்டு கிடையாது.”

பன்னிரண்டாம் அறையின் வாசலில் வரிசை நின்றது. எல்லோரும் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தாலாய்பெக் இரண்டாவதாக நின்றார். முதலில் நின்றது சமய ஆலோசகர்.

அகற்றல் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஷார்ஷென் அங்கே போனார். அவர்கள் அன்பாக உட்கார வைத்து, திரையைக் காட்டினார்கள். “உங்களைச் சார்ந்து இப்ப நாற்பத்தேழு பேர் இருக்காங்க அண்ணே. தலைவர் உங்களைக் கேக்காம காலையில காரில் ஏறுறதில்ல. உங்களை எடுத்தா அத்தனை பேரும் சேர்ந்து போயிடுவாங்க. யார் கையெழுத்துப் போடுவா?”

மாதங்கள் போயின. ஏரியில் தண்ணீர் மறுபடி சேர ஆரம்பித்தது. ஜிபாரா தனியாக நாலு புதுக் கல்லுக்கும் வெள்ளையடித்தாள். கருவி இன்னும் எண்களை அனுப்பிக்கொண்டிருந்தது. படிக்கத்தான் ஆளில்லை, நிரலும் இல்லை. உசெனின் தக்காளி விதையில் ஒரு தொட்டியை ஷார்ஷெனும் வைத்துக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை அவர் முதல் சாளரத்துக்குப் போனார். நூரிலா எழுந்து நின்றாள். இப்போது அவர் மேலிடத்து மனிதர் அல்லவா.

“அம்மா, மறுபடியும் அதைத் தேடிக் கொடு. ஏரி படிக்கிறது. என் வீட்டுக்காரி தனியா மலை ஏறிட்டிருக்கா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

நூரிலா அடித்தாள். வட்டம், வயிற்றில் கோடில்லாத வட்டம். ஒரு தட்டு தட்டினாள். திரையில் வந்ததை அவள் படித்தாள், இன்னொரு தடவை படித்தாள், பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

‘இந்தப் பொதி ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது.’

“எங்கம்மா இருக்கு அது?” என்றார் ஷார்ஷென்.

“அது நீங்கதாண்ணே,” என்று சொல்லிவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சாளரத்தின் வழியாகத் தன் கையை நீட்டினாள் நூரிலா.